கே562-ஐக் கொல்வது பெரிய விஷயமில்லை

என்கே செல் ஆய்வகத்தில் புதிதாகச் சேரும் எவர் கையிலும் முதலில் கிடைக்கும் புற்றுநோய்ச் செல் கே562. நாள்பட்ட மைலாய்டு ரத்தப் புற்றுநோய் முற்றிய கட்டத்தில் இருந்த ஒரு நோயாளியிடமிருந்து 1970-களில் உருவாக்கிய செல் வரிசை அது. இன்றும் உலகெங்கும் இன்குபேட்டர்களில் வளர்ந்துகொண்டிருக்கிறது. ஆரோக்கியமான ஒருவரின் ரத்தத்திலிருந்து பிரித்த இயற்கைக் கொல்லி செல்களை, அதாவது நோயெதிர்ப்பு வெள்ளணுக்களில் ஒரு வகையான என்கே செல்களை, இதோடு நாலு மணி நேரம் ஒன்றாக விட்டால் போதும்; கே562 கொத்துக் கொத்தாகச் சாகும். "அக்கா, எழுபது பர்சன்ட் கில்லிங்!" என்று பிளேட் ரீடர் பக்கமிருந்து குரல் வரும். நானும் ஒரு காலத்தில் அப்படிக் குதித்தவள்தான்.

அந்தக் குதூகலத்தைக் கெடுக்க மனம் வருவதில்லை. ஆனாலும் இந்தச் செல்களோடு இத்தனை வருடம் மாரடித்த பிறகு புதியவர்களிடம் நான் சொல்ல நினைப்பது இதுதான்: கொல்லும் திறமை என்கே செல்லுக்குப் பிறவியிலேயே உண்டு, அதை நாம் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. அது எந்த நிலையில் நம்மிடம் வந்தது, நம் கையில் என்ன ஆனது, நோயாளியின் உடம்புக்குள் போய் எத்தனை நாள் தாக்குப்பிடிக்கும் என்பதில்தான் வேலை முழுக்க இருக்கிறது.

கே562 ஏன் இவ்வளவு சுலபமாகச் சாகிறது என்பதிலிருந்தே தொடங்கலாம். நம் உடம்பில் உட்கருவுள்ள செல்கள் ஏறக்குறைய எல்லாமே அடையாள அட்டை போன்ற எம்எச்சி வகுப்பு-1 புரதங்களை மேற்பரப்பில் வைத்திருக்கும். என்கே செல்லின் தடுப்பு ஏற்பிகளான கேஐஆர் குடும்பமும் என்கேஜி2ஏ-வும் அந்தப் புரதங்களைத் தேடும். இருந்தால் என்கே செல் பெரும்பாலும் விட்டுவிட்டுப் போய்விடும். புற்றுநோய்ச் செல்லோ, வைரஸ் புகுந்த செல்லோ, நோயெதிர்ப்பின் இன்னொரு படையான டி செல்லின் பார்வையில் படாமலிருக்க இந்தப் புரதங்களைக் குறைத்துக்கொள்வதுண்டு. அப்படிக் குறைத்தால் என்கே செல்லிடம் மாட்டிக்கொள்ளும். ஸ்வீடனின் கிளாஸ் கார்ரே தன் முனைவர் பட்ட ஆய்வில் முன்வைத்து, 1986-இல் நேச்சர் இதழில் எலிச் செல்களைக் கொண்டு நிறுவிக் காட்டிய விஷயம் இது. கே562-இல் வகுப்பு-1 புரதம் கிட்டத்தட்ட இல்லவே இல்லை. போதாக்குறைக்கு, என்கே செல்லைத் தூண்டிவிடும் ஏற்பிகளுக்கான இலக்குகளும் அதன் மேல் தாராளமாக உண்டு. கொல்லப்படுவதற்கென்றே பிறந்த செல் அது. நோயாளியின் கட்டியில் இருக்கும் செல் அவ்வளவு நல்லவன் இல்லை.

இந்தத் துறை பிறந்த கதை எனக்கு மிகவும் பிடித்தது. 1970-களின் முற்பகுதியில் பலரும் டி செல்களைத் தேடிக்கொண்டிருந்தார்கள். புற்றுநோய்க்கு எதிராகப் பழக்கப்படுத்திய விலங்கின் வெள்ளணுக்கள் அந்தப் புற்றுநோய்ச் செல்லைக் கொல்கின்றனவா என்பது கேள்வி. ஒப்பிட்டுப் பார்க்க, அதாவது கன்ட்ரோலாக, எந்தப் பழக்கமும் இல்லாத விலங்கின் வெள்ளணுக்களையும் வைத்தார்கள். அவையும் கொன்றன! பரிசோதனையில் ஏதோ கோளாறு, பின்னணி இரைச்சல் என்று பலர் அதைக் கழித்துவிட்டுப் போனார்கள். ஸ்டாக்ஹோமின் கரோலின்ஸ்காவில் ரால்ஃப் கீஸ்லிங், ஈவா க்ளைன், ஹான்ஸ் விக்செல் ஆகியோரும், அமெரிக்க தேசியப் புற்றுநோய் நிறுவனத்தில் ரொனால்ட் ஹெர்பர்மனின் குழுவும் கழிக்காமல் அதையே துரத்தினார்கள். 1975-இல் இரு குழுக்களின் கட்டுரைகளும் வெளிவந்தன. கன்ட்ரோலில் வந்த தொல்லைதான் இந்தச் செல்.

அதனாலோ என்னவோ, யாராவது எனக்கு 'கில்லிங்' சதவீதத்தைக் காட்டினால் முதலில் கன்ட்ரோல் வெல்களின், அதாவது பிளேட்டில் ஒப்பீட்டுக்காக விட்ட குழிகளின், கச்சா எண்களைத்தான் கேட்பேன். இலக்குச் செல்லுக்குள் முன்பே ஒரு அடையாளப் பொருளை ஏற்றிவைப்போம்; செல் செத்தால் அது வெளியே கசியும். சதவீதம் என்பது ஒரு வகுத்தல் கணக்கு. மேலே, பரிசோதனை வெல்லில் கசிந்த அளவிலிருந்து இலக்குச் செல் தானாகக் கசியவிட்ட அளவைக் கழிக்கிறோம். கீழே, சோப்பு போன்ற ஒரு திரவம் ஊற்றி எல்லாவற்றையும் உடைத்தால் கசியும் உச்ச அளவிலிருந்து அதே தானான கசிவைக் கழிக்கிறோம். குரோமியம்-51 போட்டாலும், கதிரியக்கம் வேண்டாமென்று கால்சீன் சாயம் போட்டாலும் இதே கணக்குதான். இலக்குச் செல்கள் முந்தைய நாளே அளவுக்கு மீறி அடர்ந்து வாடிப்போயிருந்தால் தானான கசிவு ஏறிவிடும். கீழே இருக்கும் எண் சுருங்கும். சின்னப் பிழைகூடப் பெரிய சதவீதமாக வந்து நிற்கும். தானான கசிவு உச்சத்தில் நாலில் ஒரு பங்கை நெருங்கினால் அந்த பிளேட்டை நான் குப்பையில் போடுவேன். கால்சீன் நேரம் ஆக ஆகத் தானே கசியும் சாயம் என்பதால், நாலு மணி நேரத்தைத் தாண்டி அதை நம்புவதில்லை.

ஒரு ஆய்வகத்தில் பார்த்த இன்னொரு கூத்து. ரத்தம் தந்த எல்லா டோனர்களின் என்கே செல்களும் திடீரென்று அபாரமாக வேலை செய்தன. புதிதாக வாங்கிய சைட்டோகைன் (செல்களைத் தூண்டும் புரதம்) பாட்டிலுக்கு ஆளாளுக்குப் புகழ் பாடினார்கள். கடைசியில் பார்த்தால் இலக்குச் செல்லில் மைகோபிளாஸ்மா. அந்தக் கிருமி ஒட்டிய செல்களோடு சேர்ந்தால் வெள்ளணுக்கள் இன்டர்ஃபெரான் என்ற சைட்டோகைனைக் கொட்டும், அதனால் என்கே செல்கள் சுறுசுறுப்பாகும். 1980-களின் தொடக்கத்திலேயே இதைப் பற்றி எழுதிவிட்டார்கள். கண்ணுக்குத் தெரியாது, கல்ச்சர் கலங்காது, சாதாரண ஆன்ட்டிபயாட்டிக்குகளில் பென்சிலின் வகை அதற்கு ஏறவே ஏறாது, ஏனென்றால் அதற்குச் செல் சுவரே இல்லை. மாதம் ஒரு முறை பிசிஆர் சோதனை செய்துவிடுங்கள். முடிவு நம்ப முடியாத அளவுக்கு நன்றாக வந்தால் அன்றே செய்யுங்கள்.

இனி ரத்தம். என்கே வேலையில் நான் அதிகம் கற்றுக்கொண்டது இங்கேதான், ஆனால் கட்டுரைகளில் ஒரு வரிக்கு மேல் யாரும் எழுதாத பகுதியும் இதுதான். ரத்தத்தில் சுற்றும் லிம்போசைட்டுகள் என்ற வெள்ளணு வகையில் என்கே செல்கள் சுமார் 5 முதல் 15 சதவீதம். எந்த டோனர் இந்தப் பக்கம், எவர் அந்தப் பக்கம் என்பது ஆளுக்கு ஆள் மாறும். ஒரே ஆளுக்கு நாளுக்கு நாளும் மாறும். உடற்பயிற்சி செய்த சில நிமிடங்களிலேயே என்கே செல்கள் ரத்தக்குழாய்ச் சுவர்களிலிருந்து கிளம்பி ரத்த ஓட்டத்துக்கு வந்துவிடும், பிறகு இறங்கிவிடும். லிஃப்ட் வேலை செய்யாத நாளில் மாடிப்படி ஏறி மூச்சிரைக்க வந்தவரிடம் அப்படியே ரத்தம் எடுத்தால் எண்ணிக்கை ஒரு மாதிரி இருக்கும்; உட்கார வைத்துவிட்டு எடுத்தால் வேறு மாதிரி. நாங்கள் உட்கார வைத்துத்தான் எடுக்கிறோம், பெரும்பாலும் காலையில், ஏறக்குறைய ஒரே நேரத்தில்.

டோனரிடம் கேட்டுக்கொள்ளும் கேள்விகளும் உண்டு. ஸ்டீராய்டு எடுத்தீர்களா, சமீபத்தில் காய்ச்சலா, தடுப்பூசியா. சைட்டோமெகலோவைரஸ் எப்போதாவது தொற்றியிருக்கிறதா என்பது அவருக்கே தெரியாது, ரத்தத்தில் ஆன்ட்டிபாடி சோதனை செய்துதான் பார்க்க வேண்டும். அதைச் செய்வதில் சோம்பல் பார்க்காதீர்கள். அந்த வைரஸ் ஒரு முறை வந்துபோனவர்களில் பலரிடம் என்கேஜி2சி என்ற ஏற்பியை ஏந்திய ஒரு தனி என்கே கூட்டம் பெருகி, வருடக்கணக்கில் தங்கிவிடுகிறது. ஆன்ட்டிபாடி பூசிய இலக்கைக் கண்டால் இந்தக் கூட்டம் நன்றாகப் பாயும். பாதி டோனர்களிடம் இது இருந்து, மீதிப் பாதியிடம் இல்லாமல், அதைக் குறித்தும் வைக்காமல் விட்டால், நம் மருந்தின் விளைவு என்று நாம் நினைப்பது டோனரின் பழைய தொற்றின் விளைவாக இருக்கலாம். ஆன்ட்டிபாடியைப் பிடிக்கும் சிடி16 ஏற்பியில் 158-ஆம் இடத்தில் இருக்கும் அமினோ அமிலம் வேலினா, ஃபீனைலலனினா என்பதும் இப்படித்தான். வேலின் இருந்தால் ஆன்ட்டிபாடியை இறுகப் பிடிக்கும். ரிட்டுக்சிமாப் போன்ற ஆன்ட்டிபாடி மருந்தோடு வேலை செய்பவர்களுக்கு இது தெரியாமல் கதை நகராது.

பிரித்தெடுக்கும் வேலைக்கு என் பழக்கங்கள்: ரத்தத்தை ஐஸில் வைப்பதில்லை, அறை வெப்பத்தில் வைத்து அன்றே பிரிப்பது. செல்களை அடுக்கடுக்காகப் பிரிக்கும் ஃபைகால் திரவத்தின் அடர்த்தி 1.077, அதுவும் அறை வெப்பத்துக்கு வந்திருக்க வேண்டும். சென்ட்ரிஃப்யூஜில் பிரேக்கை அணைத்தே ஆக வேண்டும், இல்லையென்றால் கஷ்டப்பட்டு உருவான வெள்ளணு வளையம் கலைந்துவிடும். பிறகு மெதுவான சுற்றில் இரண்டு முறை கழுவினால் தட்டணுக்கள் போகும். தட்டணு போகாவிட்டால் எல்லாம் திட்டுத்திட்டாக ஒட்டிக்கொண்டு, செல்களைப் பிடித்துப் பிரிக்கும் காந்த மணிகளின் வேலையும் கெடும். என்கே செல்லையே பிடிக்கும் மணிகளைவிட, மற்றவற்றைப் பிடித்து விலக்கும் முறைதான் எனக்கு உவப்பு. நமக்கு வேண்டிய செல்லின் மேல் ஆன்ட்டிபாடி எதுவும் ஒட்டாது. கடைசியில், செல்களைச் சாயமிட்டு ஒவ்வொன்றாக எண்ணும் ஃப்ளோ சைட்டோமெட்ரியில் சிடி3 இல்லாத, சிடி56 இருக்கும் செல், அதாவது என்கே செல், எத்தனை சதவீதம் என்று பார்த்து நோட்டில் எழுதிய பிறகுதான் அடுத்த வேலை. எஞ்சியிருக்கும் டி செல்களை அலட்சியமாக விடாதீர்கள். இன்று சின்னக் கன்ட்ரோல் பிரச்சினையாகத் தெரிவது, நாளை இன்னொருவரின் செல்லை நோயாளிக்கு ஏற்றும்போது, நோயாளியின் உடலையே அந்த டி செல்கள் தாக்கும் ஆபத்தாகிறது.

சிகிச்சைக்கு வேண்டிய எண்ணிக்கை இயல்பான ரத்தத்தில் கிடைக்காது. பெருக்க வேண்டும். இங்கே ஒரு வேடிக்கை: அதற்கு உதவுவதும் கே562-தான். 2005-இல் டாரியோ காம்பானாவின் குழு, கே562-இன் மேற்பரப்பில் என்கே செல்லை வளரத் தூண்டும் ஐஎல்-15, 4-1பிபி லிகண்ட் என்ற இரு புரதங்களைப் பொருத்தி ஊட்டச் செல் ஆக்கியது. பிறகு டீன் லீயின் குழு 2012-இல் ஐஎல்-21 பொருத்திய கே562-ஐ வைத்து, மூன்று வாரத்தில் பல்லாயிரம் மடங்கு பெருக்கம் காட்டியது. பலியாகப் பிறந்த செல்லே தாதியாகவும் ஆகிவிட்டது. ஊட்டச் செல்களைக் கதிர்வீச்சுக்கு உட்படுத்தி, பெருக முடியாமல் செய்த பிறகே சேர்க்க வேண்டும். சேர்க்கும் ஒவ்வொரு முறையும் ஊட்டச் செல் மட்டும் உள்ள ஒரு தனி ஃப்ளாஸ்க்கையும் பக்கத்தில் வைத்து, அது சாகிறதா என்று பாருங்கள். இதில் சமரசமே கிடையாது; நாளை மனிதருக்குப் போக வேண்டிய பையில் ஒரே ஒரு உயிருள்ள லுக்கீமியா செல்கூட இருக்கக் கூடாது.

பெருக்கிய செல்களைப் பார்த்து மயங்கிவிட வேண்டாம் என்று சொல்வேன். உருண்டு திரண்டு, கொத்துக் கொத்தாக, மஞ்சளேறும் மீடியத்தில், அதாவது வளர்ப்புத் திரவத்தில், அமர்க்களமாக இருக்கும். கே562-ஐ வைத்துச் சோதித்தால் கிட்டத்தட்ட எல்லாமே சாகும். அதே செல்களை, வளர்க்கும்போது ஊற்றிய ஐஎல்-2 என்ற சைட்டோகைன் இல்லாத மீடியத்துக்கு மாற்றிவிட்டு சில நாள் பொறுங்கள். விடுதிச் சாப்பாட்டில் கொழுத்துவிட்டுத் தனியாகச் சமைக்கத் தெரியாமல் நிற்கும் பிள்ளைகள் மாதிரி, மளமளவென்று விழுந்துவிடும். நோயாளியின் உடம்பில் நாம் தட்டில் ஊற்றிய அளவு ஐஎல்-2 கிடையாது. வெளியிலிருந்து கொடுக்கலாம்; 2005-இல் ஜெஃப்ரி மில்லர் குழு உறவினரின் பாதிப் பொருத்தமுள்ள என்கே செல்களைக் கடும் மைலாய்டு லுக்கீமியா நோயாளிகளுக்கு ஏற்றியபோது, கீமோ கொடுத்து இடம் ஒதுக்கி, ஐஎல்-2 ஊசியும் போட்டார்கள். 19 பேரில் 5 பேருக்கு நோய் முழுதாக அடங்கியது. பெரிய விஷயம். ஆனால் அதே ஐஎல்-2, நோயெதிர்ப்பை அடக்கும் ஒழுங்குபடுத்தும் டி செல்களையும் சேர்த்தே வளர்க்கிறது. ஐஎல்-15 பக்கம் இந்தத் துறை சாய்ந்ததற்கு அது ஒரு முக்கியக் காரணம்.

ஆகவே எங்கள் குழுவில் நாலு மணி நேரச் சோதனை வெறும் நுழைவுத் தேர்வுதான். உண்மையான தேர்வு மறு சவால்: ஒரு நாள் விட்டு ஒரு நாள் அதே என்கே செல்களுக்குப் புதிய புற்றுநோய்ச் செல்களைப் போட்டுக்கொண்டே இருப்பது, சைட்டோகைன் சேர்க்காமல். முதல் சுற்றில் எல்லாக் குழுக்களும் ஒன்றுபோல் ஜெயிக்கும். சுற்றுகள் கூடக் கூடத்தான் யார் நின்றவர், யார் படுத்தவர் என்று பிரியும். ஒரு மரபணு மாற்றம் வேலை செய்கிறதா என்பதை முதல் சுற்றில் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். இலக்கும் கே562-ஆக இல்லாமல், நாம் உண்மையிலேயே குறிவைக்கும் நோயின் செல்லாக, முடிந்தால் முப்பரிமாண உருண்டையாக இருக்கட்டும்.

உறைய வைப்பதைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. 'ஆயத்தமாக அலமாரியில் இருக்கும் சிகிச்சை' என்று என்கே செல்லைப் புகழும் எல்லோரும் ஃப்ரீசரை நம்பித்தான் பேசுகிறார்கள். டி செல்லைவிட என்கே செல் உறைவதையும் உருகுவதையும் மோசமாகத் தாங்கும். உருக்கிய உடனே டிரைபன் புளூ போட்டால் தொண்ணூறு சதவீதம் உயிரோடு இருப்பதாகக் காட்டும். அந்தச் சாயம் செல்லின் சவ்வு கிழிந்திருக்கிறதா என்று மட்டுமே சொல்லும். அடுத்த நாள் எண்ணினால் பாதியைக் காணோம். உருகிய செல்கள் தட்டில் இலக்குக்குப் பக்கத்தில் படுத்திருந்தால் கொல்கின்றன. கொலாஜன் ஜெல்லுக்குள் விட்டு, தேடிப் போய்க் கொல்லச் சொன்னால் பெரும்பகுதி நகர்வதே இல்லை என்று வெளியான ஆய்வும் உண்டு. எங்கள் தட்டுகளிலும் அதைத்தான் பார்க்கிறோம். ஓர் இரவு ஐஎல்-2-வில் வைத்தால் கொல்லும் திறன் ஓரளவு மீளும், ஆனால் மருத்துவமனைப் படுக்கையருகே அந்த ஓர் இரவு கிடைக்காது. எனவே உறைவிப்புச் சோதனை செய்யும்போது உருக்கிய உடனே, சில மணி நேரம் கழித்து, மறுநாள் என மூன்று வேளையிலும் எண்ணுங்கள். இறப்பின் தொடக்கத்தைக் காட்டும் அனெக்ஸின் சாயத்தையும் சேருங்கள். ஒரே ஒரு எண்ணை வைத்துக் கூட்டத்தில் ஸ்லைடு போடாதீர்கள்.

சிஏஆர், அதாவது குறிப்பிட்ட இலக்கைப் பிடிக்க ஆய்வகத்தில் வடிவமைத்த ஏற்பி, பொருத்திய என்கே செல்களுக்கு வருவோம். 2020 பிப்ரவரியில் ஹூஸ்டனின் எம்டி ஆண்டர்சனிலிருந்து கேட்டி ரெஸ்வானியின் குழு நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வெளியிட்ட முடிவு எங்கள் துறையையே நிமிர்ந்து உட்கார வைத்தது. தொப்புள்கொடி ரத்தத்திலிருந்து என்கே செல் எடுத்து, இந்த நோய்களின் செல்கள் மேல் இருக்கும் சிடி19-ஐக் குறிவைக்கும் ஏற்பி, ஐஎல்-15, தேவைப்பட்டால் செல்லை அழிக்க ஒரு பாதுகாப்பு மரபணு என மூன்றையும் ஒரு வைரஸில் ஏற்றி ஒன்றாகச் செலுத்தியிருந்தார்கள். லிம்போமா, நாள்பட்ட லிம்ஃபாட்டிக் லுக்கீமியா நோயாளிகள் 11 பேரில் 8 பேருக்குப் பலன். 7 பேருக்கு நோய் முழுதாக அடங்கியது. சிஏஆர்-டி சிகிச்சையில் அஞ்சும் சைட்டோகைன் புயலும் நரம்பு பாதிப்பும் இதில் பதிவாகவில்லை. ஆனால் பலருக்குப் பின்னாளில் வேறு சிகிச்சைகளும் தரப்பட்டன என்பதால், சிஏஆர்-என்கேயால் மட்டும் எவ்வளவு காலம் என்று அந்தக் கட்டுரையை வைத்துச் சொல்ல முடியாது. உற்சாகத்தில் பலர் இந்த வரியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

என்னைக் கேட்டால் அதைவிட முக்கியமானது 2024-இல் நேச்சர் மெடிசினில் வந்த தொடர்ச்சி. 37 நோயாளிகள். பாதிக்குச் சற்றுக் குறைவானவர்களுக்குப் பலன் தெரிந்தது. யாருக்குப் பலன், யாருக்கு இல்லை என்று துருவியபோது, தொப்புள்கொடி ரத்தப் பையின் தரம் பெரிதாக நின்றது. பிரசவத்துக்குப் பின் 24 மணி நேரத்துக்குள் உறைய வைத்த, உட்கருவுள்ள சிவப்பணுக்கள் குறைவாக இருந்த பைகளிலிருந்து செய்த செல்கள் நன்றாக வேலை செய்தன. ஒரே ஏற்பி, ஒரே வைரஸ், ஒரே தொழில்நுட்பம். மூலப்பொருள் மட்டும் வேறு. இத்தாலியின் பெருஜியாவிலிருந்து 2002-இல் வந்த எலும்பு மஜ்ஜை மாற்று ஆய்வும் வேறொரு வழியில் இதையேதான் சொன்னது: நோயாளியின் வகுப்பு-1 புரதங்களால் தடுக்கப்படாத என்கே செல்களைக் கொண்ட டோனர் கிடைத்த மைலாய்டு லுக்கீமியா நோயாளிகளுக்கு நோய் திரும்புவது வெகுவாகக் குறைந்தது. எங்கள் மரபணுப் பொறியியல் சாமர்த்தியத்தைவிட டோனர் தேர்வு பெரிதாக இருக்கக்கூடும் என்பதை ஒப்புக்கொள்வது எங்கள் கூட்டத்துக்கு அவ்வளவு இனிக்கவில்லை.

ஏற்பியைச் செலுத்துவதும் லேசில்லை. டி செல்லுக்குச் சரளமாகப் போகும் வழக்கமான உறையுள்ள லென்டிவைரஸ் (மரபணுவைச் சுமந்து செல்லும் வைரஸ்) என்கே செல்லுக்குள் நுழைய அடம்பிடிக்கும், அந்த உறை பற்றிக்கொள்ளும் ஏற்பி அங்கே குறைவு. பபூன் குரங்கின் ரெட்ரோவைரஸ் உறையைப் போர்த்தினால் நிலைமை நன்றாக மேம்படும். வைரஸின் அளவை ஏற்றிக்கொண்டே போவதைவிட உறையை மாற்றுவது மேல். உள்ளே போன பிறகும் கவனிக்க ஒன்றுண்டு: சிஏஆர்-என்கே செல் இலக்கைக் கடிக்கும்போது அதன் சிடி19-ஐக் கொஞ்சம் பிய்த்துத் தன் மேலேயே ஒட்டிக்கொள்ளும். அப்புறம் பக்கத்திலிருக்கும் சகோதரச் செல் அதையே இலக்காக நினைத்துக் கொல்லும். மறு சவால் சோதனையில் என்கே எண்ணிக்கை காரணமில்லாமல் சரிந்தால், சோர்வு என்று எழுதிவிடுவதற்கு முன் என்கே செல்களின் மேல் சிடி19 இருக்கிறதா என்று சாயமிட்டுப் பாருங்கள்.

திடக் கட்டிகளைப் பற்றி எனக்குச் சொல்ல நல்ல செய்தி குறைவு. கட்டிக்குள் டிஜிஎஃப்-பீட்டா என்ற, நோயெதிர்ப்பை அடக்கும் சைட்டோகைன் நிறைய. அது என்கே செல்லின் தூண்டும் ஏற்பிகளைக் குறைத்துவிடும். கட்டிச் செல்கள் மைக்கா என்ற இலக்குப் புரதத்தை வெட்டி ரத்தத்தில் உதிர்த்துவிட, அதைத் தேடும் என்கேஜி2டி ஏற்பி வெறும் புரதத்தைப் பிடித்துக்கொண்டு ஏமாந்து நிற்கும். ஆக்ஸிஜனும் குறைவு. தடுப்பு ஏற்பியை மருந்தால் மூடினால் போதுமே என்பது அழகான யோசனை. என்கேஜி2ஏ-வை மூடும் மோனலிசுமாப் ஆய்வகத்திலும் ஆரம்பக் கட்டச் சோதனைகளிலும் நம்பிக்கை தந்தது. தலை-கழுத்துப் புற்றுநோயில் நடந்த மூன்றாம் கட்டச் சோதனை பலனில்லை என்று 2022-இல் நிறுத்தப்பட்டது. கதவைத் திறந்துவிடுவது ஒன்று, உள்ளே போக உயிரோடு ஆள் இருப்பது வேறொன்று.

நான் இந்த வேலையில் இருப்பது தெரிந்தால் நோயாளிகளின் வீட்டாரும் கூப்பிடுவார்கள். "மேடம், என்கே செல் ஏற்றினா அப்பாவுக்குச் சரியாயிடும்னு ஒரு சென்டர்ல சொல்றாங்க. பணத்தைக் கட்டிடலாமா?" என்று ஒருவர் கேட்டார். நான் மருத்துவர் இல்லை என்பதை முதலில் சொல்லிவிடுவேன். பிறகு எனக்குத் தெரிந்ததைச் சொல்வேன்: புற்றுநோய்க்கான என்கே செல் சிகிச்சை எதற்கும் அமெரிக்க மருந்து ஒழுங்குமுறை அமைப்பான எஃப்டிஏ இதை எழுதும் வரை ஒப்புதல் தரவில்லை, நம்பத்தக்கது என்றால் அது பதிவு செய்யப்பட்ட மருத்துவச் சோதனையாகத்தான் இருக்கும். அப்பாவுக்கு இருப்பது ரத்தப் புற்றுநோயா, திடக் கட்டியா? அந்த நோயிலேயே, அந்தக் கட்டத்திலேயே மனிதர்களிடம் கிடைத்த முடிவைக் காட்டச் சொல்லுங்கள். யாருடைய செல், எத்தனை செல், ஏற்றும் முன் டி செல் கலப்பும் கிருமியும் சோதிக்கிறார்களா, ஏற்றிய பின் ரத்தத்தில் அந்தச் செல்கள் எத்தனை நாள் இருக்கின்றன என்று அளக்கிறார்களா? இதற்கெல்லாம் தாளில் பதில் தருபவர்களிடம் மேற்கொண்டு பேசலாம். நிரூபணமான சிகிச்சை ஏதேனும் பாக்கி இருக்கும்போது அதைத் தள்ளிப்போடச் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

இப்படிப்பட்ட விளம்பரங்களில் அடிக்கடி தலைகாட்டுவது ஜப்பானிய ஆய்வு ஒன்று. 3,625 பேரை 11 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2000-இல் லான்செட்டில் வெளியானது. ரத்த வெள்ளணுக்களின் இயல்பான கொல்லும் திறன் குறைவாக இருந்தவர்களுக்குப் புற்றுநோய் அதிகம் வந்தது என்பது முடிவு. நல்ல ஆய்வுதான். ஆனால் அது நோய் வராதவர்களைப் பின்தொடர்ந்த கணக்கு. வந்துவிட்ட கட்டியை, வெளியே வளர்த்த செல் கரைக்குமா என்பதைப் பற்றி அது ஒன்றும் சொல்லவில்லை. 'என்கே செயல்திறன்' என்று ஒரு ரத்தப் பரிசோதனை செய்து, எண் குறைவு என்று பயமுறுத்தி, மாத்திரையோ செல்லோ விற்பவர்களிடம் நான் மேலே சொன்ன படிக்கட்டு விஷயத்தைக் கேட்டுப் பாருங்கள்.

பணத்தைக் கட்டலாமா என்று கேட்டவர் கட்டவில்லை. சில மாதம் கழித்து ஒரு மருத்துவமனையின் பதிவு பெற்ற சிஏஆர்-என்கே சோதனைக்கான ஒப்புதல் படிவத்தோடு மறுபடி கூப்பிட்டார். பலன் பற்றிய பகுதியை அவர் ஏற்கெனவே நன்றாகப் படித்திருந்தார். நான் காட்டியது வேறு பக்கங்களை: செல் ஏற்றுவதற்கு முன் தரும் கீமோவால் வெள்ளணுக்கள் சரியும் வாரங்களில் யார் கூட இருப்பார்கள், எவ்வளவு அருகில் தங்க வேண்டும்; செல் தயாராகாமல் போனாலோ தரச் சோதனையில் தேறாமல் போனாலோ அடுத்தது என்ன; சோதனையிலிருந்து விலகினால் வழக்கமான சிகிச்சை பாதிக்கப்படுமா. மரபணு மாற்றிய செல் என்பதால் பதினைந்து ஆண்டு வரை தொடர் கண்காணிப்பு என்று ஒரு வரி இருந்தது. அப்பாவின் வயதைச் சொல்லிச் சிரித்தார். கையெழுத்துப் போடும் முன் இந்தக் கேள்விகளைத் தாளில் எழுதிக்கொண்டு போய், சோதனையை நடத்தும் மருத்துவரிடமே கேட்கச் சொன்னேன். கேட்டுவிட்டு வந்துதான் போட்டார்கள்.